ஏழுமலைக்கு நான் வைத்த வயது

இந்தப் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒரு பெண், பெயரைச் சொல்லி மாட்டிவிட மாட்டேன், போன வாரம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது கேட்டாள். "மேடம், அரசியல் செய்தின்னா சரி. இந்த விநோத தினம், துணுக்கு எல்லாம் சும்மா ஜாலிக்குத்தானே? இதுக்குப் போய் எதுக்கு ஒவ்வொண்ணா போன் போட்டுக் கேக்கணும்?" அப்போது கையில் காபி இருந்தது, பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்தப் பத்திரிகையில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஏனென்றால் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எழுதியவள்.

இதில் வருகிற மனிதருக்கு ஏழுமலை என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயர் வேறு. இதை எழுதலாமா என்று அவர் மகளிடம் கேட்டேன். "எழுதுங்க மேடம், பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள். இந்த முறை கேட்டுவிட்டேன் என்பதைக் கவனியுங்கள்.

மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷத்தில்தான் நான் இங்கே பிழை திருத்துகிறவளாகச் சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போவேன். அப்போது நம்முடையது எட்டுப் பக்க வாரப் பத்திரிகை, வெள்ளிக்கிழமை வெளிவரும். ஏழாம் பக்கத்தில் அரைப் பக்கம் எப்போதும் காலியாகக் கிடக்கும். விளம்பரம் வந்தால் நிரம்பும், வராவிட்டால் ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொள்வார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 'இந்த வாரம் இப்படியும்' என்ற பகுதி பிறந்தது. இரண்டு வருஷம் கழித்து அது என் கைக்கு வந்தது.

வருகிற ஏழு நாளில் உலகத்தில் எங்கே என்ன விநோதமான தினம் என்று அதில் போடுவேன். இடது கைக்காரர்களுக்கு ஒரு தினம் இருக்கிறது என்று எழுதியபோது, போளூர் சாலையில் மிட்டாய்க் கடை வைத்திருந்த ஒருவர் இடது கையாலேயே அல்வா நிறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டுப் பொங்கலன்று நம் கோயிலில் சாமியும் அம்மனும் சண்டை போட்டுக்கொள்ளும் திருவூடலைப் பற்றி எழுதி, புருஷன் பெண்டாட்டி சண்டைக்கென்று ஒரு திருவிழாவும் அதற்கென்று ஒரு தெருவும் வேறு எந்த ஊரிலாவது உண்டா என்று கேட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதியை அச்சில் போட முடியாது. இன்டர்நெட் எல்லாம் ஏது? நூலகத்தில் பழைய ஆங்கில நாளிதழ்கள், பஞ்சாங்கம், வானொலி, அப்புறம் வாசகர்கள் அனுப்பும் அஞ்சலட்டைகள். இவ்வளவுதான் என் கைமுதல்.

அஞ்சலட்டைகளை ஜன்னலோரம் தொங்கும் ஒரு இரும்புக் கம்பியில் குத்தி வைப்போம். மாதம் முடிந்ததும் உருவிக் கட்டி, மாடிப்படிக்குக் கீழே போட்டுவிடுவோம். பழைய பேப்பர்காரர் சைக்கிள் வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு போவார். இந்தக் கம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1996 லீப் வருஷம். பிப்ரவரி 29 வருகிறது, அந்தத் தேதியில் பிறந்தவர்கள் இந்த ஊரில் இருந்தால் எழுதுங்கள் என்று பதினைந்து நாள் முன்பே ஒரு வரி போட்டிருந்தேன். ஒரே ஒரு அஞ்சலட்டை வந்தது. கல்லூரியில் படிக்கும் பெண்ணின் கையெழுத்து. "எங்கள் அப்பா ஏழுமலை பிறந்தது பிப்ரவரி 29. வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறார். இந்த வருஷம் ரிட்டையர் ஆகிறார். நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் எங்கள் வீட்டில் அப்பா பிறந்தநாள் பாயசம்." அவ்வளவுதான். எந்த வருஷம் பிறந்தார் என்று இல்லை.

புதன்கிழமை பக்கம் முடிக்க வேண்டும். சாயங்காலம் பார்த்தால் என் பகுதியில் கீழே நான்கு வரி இடம் காலி. நான்கு வரி வெள்ளையாகப் போனால் ஆசிரியர் கத்துகிற கத்தல் பெரிய கோபுரம் வரைக்கும் கேட்கும். ஏழுமலை அலுவலகத்துக்கு ஒரு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. அஞ்சு மணி ஆகிவிட்டது, யார் எடுப்பார்கள்? மறுபடி காலையில் போட்டிருக்கலாம். காலையில் அச்சகத்துக்குப் போக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விரல் விட்டு எண்ணினேன். ரிட்டையர் ஆகிற ஆள். 1940இல் பிறந்திருந்தால் இந்த 29ஆம் தேதி அவருக்குப் பதினான்காவது பிறந்தநாள். 1936 என்றால் பதினைந்தாவது. பதினான்கு என்று எழுதிப் பார்த்தேன், சுவையாக இல்லை. பதினைந்து என்று எழுதிப் பார்த்தேன், தலைப்பு தானாக வந்து விழுந்தது. 'பதினைந்து வயதில் ரிட்டையர்மென்ட்!' கீழே, வருகிற வியாழக்கிழமை திரு. ஏழுமலைக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் என்றும், பதினைந்து வயதுப் பையனுக்குப் பென்ஷன் கொடுக்கும் அரசாங்கம் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்றும் போட்டேன். நான்கு வரி கச்சிதமாக நிரம்பியது. சந்தோஷமாகப் பேருந்து ஏறினேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு கழித்தல் கணக்கைப் போட மறந்துவிட்டேன். அரசு வேலையில் அப்போது ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. 1996இல் ஓய்வு பெறுகிறவர் அரசுப் பதிவேட்டின்படி 1938இல் பிறந்திருக்க வேண்டும். 1938இல் பிப்ரவரி 29 கிடையாது. அஞ்சலட்டையிலேயே இந்த முரண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று விசாரித்திருக்க வேண்டும். நான் தலைப்பின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில், வெள்ளைச் சட்டை போட்ட குள்ளமான ஒருவர் மஞ்சள் பையோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், நான்தாங்க அந்தப் பதினைஞ்சு வயசுக்காரன்" என்றார்.

எனக்கு ஒரே சிரிப்பு. உட்காருங்க சார், காபி சொல்லட்டுமா என்றேன். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அது மெமோ. பதிவேட்டில் உங்கள் பிறந்த தேதி 10-6-1938. பத்திரிகைச் செய்தியின்படி நீங்கள் 1936இல் பிறந்தவர். அப்படியானால் இரண்டு வருஷம் முன்பே ஓய்வு பெற்றிருக்க வேண்டும். ஏன் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தரவும். கூடவே என் நான்கு வரியின் நகல்.

"பொறந்தநாள் அன்னிக்கி ஆபீஸ்ல அல்லாருக்கும் லட்டு குடுத்தேன் மேடம். நீங்க எழுதினத வெட்டி போர்டுல ஒட்டி வெச்சிருந்தாங்க. சிரிப்பா சிரிச்சாங்க. நாலு நாள் கழிச்சி ஆபீசருக்கு ஒரு மொட்டக் கடுதாசி போயிருக்குது. ஏமாத்தி வேல பாக்கறான்னு. என் பென்ஷன் பேப்பர அப்படியே நிறுத்தி வெச்சிட்டாங்க."

"நீங்க விளக்கம் சொல்லலாமே சார்."

"இன்னான்னு சொல்றது? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்லீங்க நான். இன்னும் மூணு மாசம். மாலைய போட்டு அனுப்புவாங்கன்னு பாத்தா, திருடன்னு அனுப்பிடுவாங்க போலக்குது." மெமோவை என் பக்கமாக நகர்த்தினார். "பதினைஞ்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க? பொண்ணக் கேட்டா, நான் வருஷம் எழுதவே இல்லப்பான்றா. ஒரு வாரமா அழுதுனே இருக்குது."

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் போட்டேன்" என்றேன்.

"நீங்களாவா?"

"ஆமாங்க."

"அது எப்டிங்க நீங்களா போட முடியும்?" என்று என்னையே உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் ஜாஸ்தி. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. என்னைத் திட்டத் தெரியாத நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். குற்ற உணர்ச்சி இன்னும் கூடிப்போயிற்று.

பிறகு அவரே பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். உங்கள் வயதுக்காரர்களுக்கு இது தெரியாது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இருக்காது. பையனைக் கூட்டிக்கொண்டு போனால், ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு, ஐந்து வருஷத்தைக் கழித்து எழுதிக்கொள்வார். ஏழுமலை பிறந்தபோது ரயில்வேயில் இருந்த அவர் மாமா காலண்டரைப் பார்த்து 29 என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அதை வாய்வழியாகக் காப்பாற்றி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அதை யார் கேட்டார்கள்?

எங்கள் பேச்சு காதில் விழுந்து ஆசிரியர் உள்ளேயிருந்து வந்தார். மெமோவைப் படித்தார். கெட்டவர் இல்லை, வழக்கு என்றால் மட்டும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"ஏம்மா, இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசன? அந்தப் பேர்ல தெருவுக்கு நாலு பேரு இருக்கான். இது வேற ஏழுமலைன்னு ஒரு வரி போட்டுடு. நமக்கும் பிரச்சின இல்ல, சாருக்கும் பிரச்சின இல்ல."

ஏழுமலையின் முகம் மலர்ந்தது. "அப்டி போட்டா போதுங்களா?"

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். ஒரே வரி, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் போர்டில் ஒட்டி, லட்டுத் தின்ற ஆபீஸ் முழுக்க சாட்சி. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். அந்த ஒன்பதையும் அவரல்லவா சொல்ல வேண்டியிருக்கும்? இதுவரைக்கும் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. வேறு ஏழுமலை என்று போட்டால் அது அவருடைய தப்பாகவும் ஆகிவிடும்.

"வேண்டாம் சார். நான் குத்துமதிப்பா போட்டேன்னு ஆபீசர்கிட்ட நானே எழுதிக் குடுத்துடறேன்" என்றேன்.

"எழுதிக் குடுத்தா அந்தப் பகுதி உன் கையில இருக்காது" என்றார் ஆசிரியர். "ஒவ்வொரு வாரமும் இப்டித்தான் கதை விடறான்னு ஊரு சொல்லும். பேப்பருக்குக் கெட்ட பேரு வரும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சரி, நிஜத்தில் எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று ஏழுமலையிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இருபது வருஷமாக உங்களைப் போன்றவர்களிடம் கேளு, கேளு என்று கத்திக்கொண்டிருந்தவள் நான். அந்த ஒரு நிமிஷம் கேட்காமல் இருந்ததுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் எதைச் சொன்னாலும் அதைச் சுமந்துகொண்டுதான் அந்த ஆபீசர் முன்னால் நான் நிற்க வேண்டும். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அந்த அஞ்சலட்டையில் வருஷம் இல்லை என்பது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

ஜன்னலுக்கு ஓடினேன். கம்பியில் மார்ச் மாதத்து அட்டைகள் மட்டும்தான் இருந்தன. பிப்ரவரிக் கட்டை உருவிப் போட்டாயிற்று. பழைய பேப்பர்காரர் மாதம் பிறந்தால் முதல் வாரம் வந்துவிடுவார். அந்த அட்டை இல்லாவிட்டால், என் சொல்லை யார் நம்புவார்கள்? பத்திரிகைக்காரி ஆளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். கட்டு அங்கேயே இருந்தது. அந்த வாரம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பேப்பர்காரருடைய சைக்கிள் வண்டி நம் தெருவுக்குள் நுழைய முடியாமல் திரும்பிப் போயிருக்கிறது. மாதாமாதம் அந்தக் கூட்டத்தில் பேருந்து கிடைக்காமல் நின்று திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் திட்டியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஏழுமலையும் நானும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகப் பிரித்தோம். இரட்டைத் தலைக் கத்தரிக்காய், காபி குடிக்கும் பசுமாடு, ஒரே பல்லில் கரும்பு கடிக்கும் தாத்தா. தன் வாழ்க்கையே ஊசலாடும் நேரத்தில் அந்த மனிதர் மாட்டு அட்டையைப் படித்துவிட்டு, "காபிக்குச் சக்கர போடுவாங்களா மேடம்?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மகளின் அட்டை கட்டின் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வருஷம் எங்கேயும் இல்லை.

மறுநாள் காலையில் வேங்கிக்காலில் அவர் ஆபீசுக்குப் போனேன். ஆபீசர் மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, ஏழுமலையைவிடப் பத்து வயது சின்னவர். கோப்பைத் திறந்து என் நான்கு வரியை விரலால் தட்டினார்.

"இது நீங்க எழுதினதுதானா?"

"ஆமா சார்."

"இந்தப் பதினைஞ்சு எங்கருந்து வந்துச்சு?"

அஞ்சலட்டையை எடுத்து வைத்தேன். "இதுதான் சார் எனக்கு வந்தது. இதுல வருஷம் இல்ல. சாரும் எங்கிட்டப் பேசினதே இல்ல. பக்கத்துல நாலு வரி காலியா இருந்துச்சு. பதினைஞ்சுன்னா தலைப்பு நல்லாருந்துச்சுன்னு நானா போட்டுட்டேன்."

அவர் அட்டையைப் படித்தார். செய்தி வருவதற்கு முன்பே வந்த அட்டைதானா என்று தபால் முத்திரையின் தேதியைப் பார்த்தார். நல்ல அதிகாரி, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"ஒரு மனுஷனோட வயச யாராவது குத்துமதிப்பா போடுவாங்களாம்மா?"

பயத்தில் நாக்கு தானாகப் பேசிவிட்டது. "ஹெட்மாஸ்டர் போட்டாருங்களே சார். அவராவது காதத் தொடச் சொல்லிப் பாத்தாரு. நான் அதுகூடச் செய்யல."

போச்சு, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என் பொறந்தநாள் என்னிக்கின்னு தெரியுமா உங்களுக்கு? ஜூன் ஒண்ணு. எங்க வீட்ல நாலு பேரு, நாலு பேருக்கும் ஜூன் ஒண்ணு. எங்கம்மாவக் கேட்டா ஐப்பசி அட மழையில பொறந்தேன்னு சொல்லுவாங்க." சிரிப்பை நிறுத்திக்கொண்டு கோப்பை மூடினார். "இங்க பாருங்கம்மா. பதிவேட்டுல இருக்கறதுதான் எங்களுக்குப் பொறந்த தேதி. மொட்டக் கடுதாசிக்கு நான் பதில் சொல்ல வேணாம். ஆனா அதோட உங்க பேப்பர் கட்டிங் இருக்குதே, நாளைக்கி மேல இருந்து கேட்டா நான் என்னா சொல்றது? நீங்க எழுதிக் குடுங்க. ஆனா அது மட்டும் போதாது. எந்தப் பேப்பர்ல வந்துச்சோ அதே பேப்பர்ல திருத்தமும் வரணும். வெள்ளிக்கிழமை அவரோட விளக்கம் எனக்கு வரும்போது அந்தப் பேப்பரும் கூட வரணும்."

வாக்குமூலத்தை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை. திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னேன். "துணுக்குக்கு எவனாவது திருத்தம் போடுவானா? முதல் பக்கத்துல வருத்தம் தெரிவிக்கச் சொல்றியா? முடியாது" என்றார். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் முடியாது. பக்கம் முடிக்க இரண்டு மணி நேரம் இருந்தது. முதல் பக்கம் அவருடையது, தலையங்கம் அவருடையது. ஏழாம் பக்கத்தில் அரைப் பக்கம் மட்டும் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் என்னுடையது. போய் உட்கார்ந்து, 'இந்த வாரம் இப்படியும்' பகுதியின் முதல் துணுக்காக இதை எழுதினேன்:

"போன மாதம் இந்தப் பகுதியில் திரு. ஏழுமலைக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் என்று வந்திருந்தது. எந்த வருடம் பிறந்தார் என்று அவரும் சொல்லவில்லை, அவர் வீட்டாரும் சொல்லவில்லை, எழுதியவளும் கேட்கவில்லை. நான்கு வரி காலியாக இருந்ததால் தானாகவே அவருக்கு ஒரு வயது வைத்துவிட்டாள். உலகத்தில் இந்த வாரம் இதைவிடப் பெரிய விநோதம் கிடைக்கவில்லை. அவரிடமும் வாசகர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறாள்." கீழே என் பெயர். அதுவரைக்கும் அந்தப் பகுதியில் என் பெயர் வந்ததே இல்லை.

ஆசிரியர் புரூப்பைக் கையில் எடுத்தபோது நான் பையை மாட்டிக்கொண்டுதான் நின்றிருந்தேன். வேலை போனால் அப்படியே கிளம்பிவிடலாம் என்று. அவர் ஒரு தடவை படித்தார், மறுபடி படித்தார். உதட்டோரம் லேசாகக் கோணியது.

"எம் பேரு எங்கியும் வரலியே?"

"வரல சார்."

"ஒழிஞ்சி போ" என்று கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையின் இரண்டு பிரதிகளை ஏழுமலை வந்து வாங்கிக்கொண்டு போனார். மறு செவ்வாய்க்கிழமை மதியம் போன் வந்தது. "மேடம், விட்டுட்டாங்க. பென்ஷன் பேப்பர அனுப்பிட்டாங்களாம்." அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். ஒரு வாரமாகப் பாதியைத் திருப்பிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன், அன்றைக்கு மிச்சம் வைக்காமல் தின்றேன். உயிர் திரும்பி வருவது என்றால் என்ன என்று அந்தத் தயிர்ச் சோற்றில்தான் தெரிந்துகொண்டேன்.

ஜூன் மாதக் கடைசி நாளில் அவருக்கு மாலை போட்டார்கள். நானும் போயிருந்தேன். என் பகுதி என் கையிலேயே இருந்தது. மன்னிப்புக் கேட்ட வாரத்துக்கு அப்புறம் வந்த அஞ்சலட்டைகளைக் குத்த ஒரு கம்பி போதவில்லை. எல்லாம் ஜூன் மாதத்தில் 'பிறந்தவர்கள்'. கெட்ட பேர் வரும் என்று சொன்ன ஆசிரியர் ஒருநாள் அந்தக் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். மொட்டைக் கடுதாசி எழுதியது யார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு நிச்சயமாகத் தெரியாது, அதனால் சொல்ல மாட்டேன். நான் கற்றுக்கொண்டது வீண் போகவில்லை, பார்த்தீர்களா?

இதோடு முடித்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

2000ஆம் வருஷம், பிப்ரவரி 29, செவ்வாய்க்கிழமை. ஏழுமலை ஒரு எவர்சில்வர் தூக்கோடு படியேறி வந்தார். ஆளே பளபளவென்று இருந்தார். ரிட்டையர்மென்ட் அவருக்கு நன்றாக ஒத்துக்கொண்டிருந்தது. தூக்கைத் திறந்து டம்ளரில் பாயசம் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"குடிங்க மேடம். இன்னிக்கி எனக்குப் பதினாறு. மார்க்கண்டேயன் மாதிரி இதோட நின்னுடலாம்னு பாக்கறேன்."

நானும் சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்தேன். பாதியில் நிறுத்தி, மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். இன்றைக்குப் பதினாறு என்றால் நான்கு வருஷம் முன்னால் எத்தனை?

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூணு வருஷம் கூட்டினு போனாரு எங்கப்பா. மொத ரெண்டு வாட்டி கை எட்டல, ஹெட்மாஸ்டர் திருப்பி அனுப்பிட்டாரு. மூணாவது வருஷம்தான் சேத்துக்கினாரு. எனக்குக் கை குட்ட மேடம். இப்பவும் பாருங்க." வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைப் பிடித்துக் காட்டினார். விரல் நுனி மட்டும்தான் பட்டது. "அன்னிக்கி நீங்க நானா போட்டேன்னு சொன்னீங்க பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்கம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது இவங்களுக்கு எப்டித் தெரிஞ்சுதுன்னு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க?"

"நீங்க கேக்கலியே" என்றார்.

நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை மனதுக்குள் ஒருமுறை வரிவரியாக ஓட்டிப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவில்லை, நானாகப் போட்டேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கை குட்டையான ஒரு சின்னப் பையனை இரண்டு வருஷம் திருப்பி அனுப்பியது ஹெட்மாஸ்டர். தேதியைப் போட்டதும் அவர்தான். பள்ளிக்கூடம் கொடுத்த தேதியில் வேலைக்கு வந்து, அதே தேதியில் அவர் வீட்டுக்குப் போனார். பாயசத்தை மிச்சம் வைக்காமல் குடித்தேன், இன்னொரு டம்ளரும் கேட்டேன்.

மறுநாள் புதன்கிழமை, பக்கம் முடிக்கும் நாள். என் பகுதியில் கடைசித் துணுக்காக இரண்டு வரி எழுதினேன். "போன செவ்வாய்க்கிழமை நம் ஊரில் ஒருவருக்குப் பிறந்தநாள். பாயசம் நன்றாக இருந்தது."

ஆசிரியர் புரூப்பைப் பார்த்துவிட்டு, "கீழ நாலு வரி காலியாக் கெடக்குதேம்மா. அந்த ஆளப் பத்தி இன்னும் கொஞ்சம் எழுதலாம் இல்ல?" என்றார்.

"எழுதறதுக்கு ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

அந்த வாரம் ஏழாம் பக்கத்தில் நான்கு வரி வெள்ளையாகவே போயிற்று.